அருட்பாவும் மருட்பாவும்: ஒரு சொற்போரின் வரலாறு

யாப்பிலக்கணம் பயின்றோர் மருட்பா என்னும் செய்யுள் வகையை நன்கு அறிவர். வெண்பாவாகத் தொடங்கி ஆசிரியப்பாவாக முடிவது அது. ஒரு பா மற்றொரு பாவோடு மயங்கி வருதலின் அப்பெயர் பெற்றது. புறநிலை வாழ்த்து, வாயுறை வாழ்த்து, செவியறிவுறூஉ, கைக்கிளை என்னும் பொருள்களில் அதனைப் பாடுதல் மரபு. வாழ்த்துவதற்கும், கைப்பாயினும் பின்னர்ப் பயன்தரும் அறிவுரையைச் செவியில் இடுவதற்கும் உரிய பாவாகவே இலக்கண நூலார் அதனை எண்ணினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சொல் வசைச்சொல்லாக மாறியது. இராமலிங்க அடிகளின் பாடல்களை அன்பர்கள் அருட்பா என்று போற்ற, அவற்றை ஏற்காதோர் மருட்பா என்று தூற்றினர். அருளிலிருந்து மருளுக்கு ஒரு மெய்யெழுத்தே தொலைவு. அந்த ஓரெழுத்தின் பொருட்டுத் தமிழ்ப் புலவர் உலகம் நாற்பதாண்டுக்காலம் இரண்டாகப் பிளவுபட்டு நின்றது. நூல்கள் அச்சேறின, மேடைகள் அதிர்ந்தன, நீதிமன்றப் படிகளில் புலவர்கள் ஏறினர். இப்போரில் எழுந்த வரலாற்று வினா யாது, அவ்வினாவுக்கு விடை கிடைத்ததா, கிடைக்கவில்லையெனின் ஏன் என்பன இன்றும் ஆராயத்தக்கன.

இரு பெருமக்கள்

எதிரெதிர் நிறுத்தப்பட்ட இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். ஆறுமுக நாவலர் 1822ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்தார். இராமலிங்க அடிகள் 1823ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தார். இருவரும் இல்லறத்தை நாடாதவர்கள். அடிகள் உற்றார் வற்புறுத்தலால் மணம் செய்துகொண்டும் துறவியாகவே வாழ்ந்தார். நாவலர் மணமே செய்துகொள்ளவில்லை. இருவரும் சிவபெருமானைப் பாடும் பாடல்களில் உள்ளம் உருகியவர்கள். இருவரும் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர்கள். எளிய தமிழ் உரைநடை எழுதியவர்கள்.

நாவலரின் பணி கல்வியும் அச்சும் பற்றியது. பார்சிவல் பாதிரியாரின் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, விவிலிய மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைசெய்தவர் அவர். மிசனரிகள் பள்ளியாலும் அச்சாலும் மக்களைத் தம்பால் ஈர்த்த முறையை அருகிருந்து கண்டார். அம்முறையையே சைவத்தின் காவலுக்குப் பயன்படுத்தினார். 1848இல் வண்ணார்பண்ணையிலும் 1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். பெரியபுராணத்தை வசனமாக்கி 1852இல் வெளியிட்டார். 1854இல் சைவ தூஷண பரிகாரம் எழுதினார். சைவத்தைப் பழித்தோரின் கையில் சான்று ஏதும் சிக்கிவிடக் கூடாது என்பதே அவருடைய ஓயாத கவலை. சைவ நூல்களின் வரிசை, கோயில் வழிபாட்டு முறை, தீக்கை, ஒழுக்கம் ஆகிய அனைத்தும் ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கப்பட்டிருக்க வேண்டுமென அவர் விரும்பியது அக்கவலையினால்தான்.

அடிகளின் வழி வேறு. சென்னையில் வாழ்ந்த நாளில் ஒழிவிலொடுக்கத்தை 1851இலும் தொண்டமண்டல சதகத்தை 1855இலும் பதிப்பித்தார். 1854இல் மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை எழுதினார். பின்னர்ச் சென்னையை விட்டு நீங்கி, வடலூரை அடுத்த கருங்குழியில் தங்கினார். 1865இல் சன்மார்க்க சங்கத்தையும், 1867ஆம் ஆண்டு மே திங்களில் வடலூரில் சத்திய தருமச்சாலையையும் தோற்றுவித்தார். பசித்தவர்க்கு உணவிடுதலே வழிபாடு என்றார். நாவலர் சைவத்துக்கு வேலி கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், அடிகள் தருமச்சாலையில் சாதியும் சமயமும் கேளாது அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

இவ்விருவர் பணியும் ஒன்றையொன்று அறிந்து மதித்திருக்கக் கூடியவையே. ஆனால் 1867இல் வெளிவந்த ஒரு நூலின் முகப்பு இருவரையும் எதிரிகளாக்கியது.

நூலின் முகப்பு

அடிகளின் பாடல்கள் அவ்வப்போது ஏடுகளிலும் தாள்களிலும் எழுதப்பட்டு அன்பர் கைகளில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தொகுத்து அச்சிட வேண்டுமென இறுக்கம் இரத்தின முதலியார், புதுவை வேலு முதலியார் முதலிய அன்பர்கள் விரும்பினர். அடிகள் எளிதில் இசையவில்லை. பாடல்கள் வந்துசேரும்வரை ஒருவேளை உணவே கொள்வேன் என இரத்தின முதலியார் நோன்பு பூண்ட பின்னரே அவர் இணங்கினார் என்பர். தொகுத்துப் பதிப்பிக்கும் பணியை அடிகளின் மாணவரும் சென்னை மாநிலக் கல்லூரித் தமிழ்ப் புலவருமாகிய தொழுவூர் வேலாயுத முதலியார் ஏற்றார்.

பெயரைப் பற்றிய கவலை அடிகளுக்கே முதலில் எழுந்தது என்பது கருதத்தக்கது. இராமலிங்கசாமி என்று தம்மை வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுவதால் அதற்குத் தாம் உடன்படவில்லை என்று அவர் அன்பருக்கு எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. ஆயினும் நூல் வெளிவந்தபோது அதன் முகப்பில் திருவருட்பிரகாச வள்ளலார் என்னும் பெருஞ்சிறப்புப் பெயர் இடம்பெற்றது. அடிகள் இதைக் கண்டு வருந்தினார் எனவும், அதனை 'வள்ளல் ஆர்?' எனப் பிரித்து, வள்ளல் யார் என்னும் வினாவாகக் கொள்ளலாமே என மாணவர் அமைதி கூறினார் எனவும் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. அது கதையாயினும் அதனுள் ஓர் உண்மை உண்டு. சிறப்புப் பெயரைச் சூடியவர் ஒருவர், சூட்டியவர் மற்றொருவர்.

வேலாயுத முதலியார் பாடல்களை ஆறு பகுதிகளாக வகுத்தார். அப்பகுதிகளுக்குத் திருமுறைகள் என்றும், தொகுப்புக்குத் திருவருட்பா என்றும் பெயரிட்டார். அவற்றுள் முதல் நான்கு திருமுறைகளே 1867இல் அச்சாயின. நூலோடு திருவருட்பா வரலாறு என்னும் செய்யுட் பகுதியையும் அவரே பாடிச் சேர்த்தார். ஆசிரியரின் வாழ்வையும் அருட்செயல்களையும் அது போற்றிக் கூறியது. நாயன்மார் வரலாற்றைச் சேக்கிழார் பாடிய முறையில் வாழும் ஒருவரின் வரலாறு பாடப்பட்டது. கருங்குழியில் நீரால் விளக்கெரிந்தது என்னும் செய்தி அன்பரிடையே பரவலாக வழங்கியதையும் இத்துடன் சேர்த்து எண்ணவேண்டும். திருவாரூரில் நீரால் விளக்கெரித்த நமிநந்தியடிகளைப் பெரியபுராணத்தில் படித்தவர்க்கு அதன் பொருள் உடனே விளங்கும். நாயன்மார் வரிசையில் மற்றொருவர் தோன்றிவிட்டார் என்பதே அதன் பொருள்.

நாவலர் தரப்பின் வினா

இதனை நாவலர் ஏற்கவில்லை. அவர் தரப்பு எழுப்பிய வினாவை வசைகளிலிருந்து பிரித்தெடுத்து நோக்கினால், அது பொருளுடைய வினா என்பது புலனாகும். திருமுறை என்பது யாது? அதனை வரையறுக்கும் உரிமை யாருக்கு உண்டு?

மூவர் தேவாரம், திருவாசகம், திருக்கோவையார், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, திருமந்திரம், பதினோராம் திருமுறைப் பிரபந்தங்கள், பெரியபுராணம் எனப் பன்னிரண்டாக அமைந்தது சைவத் திருமுறை. இவையே அருட்பாக்கள் எனக் கோயில்களில் ஓதப்பெற்றன. சேக்கிழாருக்குப் பின் எத்தனையோ அருளாளர் தோன்றினர். மெய்கண்டார் முதலியோரின் சாத்திரங்கள் பதினான்கும் தனி வரிசையாயின. தாயுமானவர் பாடல்கள் இல்லந்தோறும் ஓதப்பட்டன. குமரகுருபரர் பாடல்கள் போற்றப்பட்டன. ஆனால் அவற்றை எவரும் பதின்மூன்றாம் திருமுறை எனக் கொள்ளவில்லை. அங்ஙனமிருக்க, வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவரின் பாடல்களுக்கு அவருடைய மாணவரே திருமுறை என்று பெயரிடுவது எவ்வாறு பொருந்தும்? இஃது ஒரு தரப்பு.

மறுதரப்புக்கும் வரலாறு துணைநின்றது. திருமுறைத் தொகுதி ஒரே நாளில் தோன்றியதன்று. நம்பியாண்டார் நம்பி வகுத்ததாகக் கூறப்படும் தொகுதி காலந்தோறும் வளர்ந்தது. பத்தாம் நூற்றாண்டில் ஆட்சிபுரிந்த சோழ மன்னர் கண்டராதித்தரின் பாடல் ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணம் இறுதியாகச் சேர்ந்தது. ஒவ்வொரு பகுதியும் சேர்ந்த காலத்தில் புதியதாகவே இருந்தது. இறைவனின் அருள் ஒரு நூற்றாண்டோடு முடிந்துவிட்டது என்று யார் கூற இயலும்? வளர்ந்த வரிசை மீண்டும் வளரலாகாதா?

ஆகவே இரு தரப்பினரும் வரலாற்றின் ஒவ்வொரு பாதியைக் கையில் வைத்திருந்தனர். வரிசை வளர்ந்தது என்பதும் உண்மை. நெடுங்காலமாக வளராமல் நின்றது என்பதும் உண்மை. ஏன் வளர்ந்தது, ஏன் நின்றது, யார் நிறுத்தினர் என்று இருவரும் கூடி ஆராய்ந்திருப்பின், தமிழ்ச் சமய இலக்கிய வரலாற்றின் முதற்பெரும் ஆய்வு அன்றே தோன்றியிருக்கும். அது நிகழவில்லை.

அச்சும் கண்டனமும்

மாவண்டூர் தியாகேச முதலியார் பெயரால் 'போலியருட்பா மறுப்பு' என்னும் நூல் வெளிவந்தது. அதனை எழுதியவர் நாவலரே என்பது பின்வந்தோர் பெரும்பாலோரின் முடிவு. அதற்கு மறுப்புகளும், அம்மறுப்புகளுக்கு மறுப்புகளும் அடுத்தடுத்து எழுந்தன. தலைப்பிலேயே போர் தொடங்கிவிட்டது. போலி என்னும் ஒரு சொல் பாடலையும் சுட்டும், பாடியவரையும் சுட்டும். பாடலின் தகுதி பற்றிய வினா பாடியவரின் ஒழுக்கம் பற்றிய வினாவாக மாறியது. அடிகள் சித்தரா, அவருடைய அன்பர் கூறும் அற்புதங்கள் மெய்யா, அவருடைய துறவு உண்மையானதா என எதிர்த்தரப்பினர் கேட்டனர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவருக்குத் தில்லையைப் பற்றிப் பேச என்ன உரிமை என அடிகளின் தரப்பினர் கேட்டனர். திருமுறை யாது என்னும் முதல் வினா எங்கோ பின்தங்கிவிட்டது.

இம்மாற்றத்துக்குக் காலமும் ஒரு காரணம். முற்காலத்தில் இத்தகைய வாதங்கள் மடங்களிலும் அவைகளிலும் நிகழ்ந்தன. எதிரியை நேரில் கண்டு, அவையடக்கம் கூறி, நடுவர் முன்னிலையில் பேச வேண்டியிருந்தது. வாதம் எத்துணைக் கடுமையாயினும் அதற்கு ஓர் எல்லை இருந்தது. 1835ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இந்தியர் அச்சகம் நடத்துவது எளிதாயிற்று. சில பக்கங்கள் கொண்ட துண்டு நூலைக் குறைந்த செலவில் அச்சிட்டு ஊர்தோறும் பரப்பலாம் என்னும் நிலை வந்தது. நடுவர் இல்லை; அவை இல்லை. பிறர் பெயரில் எழுதலாம், பெயரின்றியும் எழுதலாம். எதிரியின் முகத்தைக் காணாமலே அவர் மானத்தைக் குலைக்கலாம். ஒருவர் விடையிறுக்காவிட்டால் தோற்றார் என்பர். விடையிறுத்தால் மற்றொரு கண்டனம் பிறக்கும். இந்நிலையில் எவராலும் போரை நிறுத்த இயலவில்லை.

இதன் நடுவே பெயர்கள் படைக்கலங்களாயின. நாவலர் என்பது திருவாவடுதுறை ஆதீனம் 1849இல் வழங்கிய பட்டம். வள்ளலார் என்பது மாணவர் சூட்டிய பெயர். ஒரு சாரார் அடிகள், சுவாமிகள் என்று எழுதியபோது மறுசாரார் வேண்டுமென்றே இராமலிங்க பிள்ளை என்றே எழுதினர். ஒருவரை எப்பெயரால் குறிப்பது என்பதே எழுதுபவர் எக்கட்சியினர் என்பதைக் காட்டியது. நூலைப் படிக்கவே தேவையில்லை. பெயரைப் பார்த்தால் போதும் என்னும் நிலை உருவாயிற்று.

மஞ்சக்குப்பம் வழக்கு

சிதம்பரத்தில் இப்பகை முற்றியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சிவாகம நெறிப்படியே கோயில் வழிபாடு நடத்தல் வேண்டும் என்பது நாவலரின் உறுதியான கொள்கை. தில்லைத் தீட்சிதர்களோ வைதிக நெறியைப் பின்பற்றி வந்தனர். அவர்களுடைய தீக்கையைப் பற்றியும் வழிபாட்டு முறை பற்றியும் நாவலர் குறை கூறியதால், அவர்களுக்கும் அவருக்கும் முன்பே பகை மூண்டிருந்தது. நாவலரால் புண்பட்ட தீட்சிதர்களும், நாவலரால் மறுக்கப்பட்ட அடிகளின் அன்பர்களும் ஓரணியாயினர். இரு பிணக்குகள் ஒன்றாகப் பின்னிக்கொண்டன.

1869ஆம் ஆண்டில் சிதம்பரம் கோயிலில் கூடிய கூட்டமொன்றில் தம்மை இழித்துப் பேசினர் என நாவலர் முறையிட்டார். வழக்கு கடலூரைச் சேர்ந்த மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்குச் சென்றது. தீட்சிதர் தரப்பினரோடு அடிகளும் எதிரியாகச் சேர்க்கப்பட்டார். இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் நற்பெயரைக் கெடுத்தலைக் குற்றமாக அச்சட்டம் வரையறுத்து ஏழாண்டுகளே கழிந்திருந்தன. தமிழ்ப் புலவர்களின் சமயப் பிணக்கு, மரபுவழி அவைகளை விட்டுவிட்டு, ஆங்கிலேயர் வகுத்த இப்புதிய அரங்கில் ஏறியது.

அடிகள்மீதான குற்றச்சாட்டு நிலைபெறவில்லை, அவர் விடுவிக்கப்பட்டார். இந்நிகழ்ச்சி பற்றி ஒரு கதை நாடெங்கும் பரவியது. அடிகள் நீதிமன்றத்துள் நுழைந்தபோது அங்கிருந்தோர் அனைவரும் எழுந்து நின்றனர். நாவலரும் தம்மையறியாது எழுந்து வணங்கினார். வழக்குத் தொடுத்தவரே எதிரியை வணங்குவதைக் கண்ட நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார் என்பது அக்கதை. கேட்போர் உள்ளத்தைக் கவரும் கதைதான். ஆனால் வணக்கம் ஒருவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் சான்றாகாது. அது நீதிமன்ற நடைமுறைக்கும் பொருந்தாது. நாவலர் தம்மை மறந்து எழுந்தார் என்பதன் மூலம், அவர் உள்ளத்தின் ஆழத்தில் அடிகளை ஏற்றுக்கொண்டிருந்தார் என நாட்டுவதே கதையின் நோக்கம். நீதிமன்றத்தில் கிடைக்காத வெற்றியைக் கதை தேடித் தந்தது. இரு தரப்புக் கண்டன நூல்களையும் தேடித் தொகுத்து ப. சரவணன் 2010இல் வெளியிட்ட பின்னர், கதைகளை விலக்கி அக்கால எழுத்துகளையே நேரில் காணும் வாய்ப்பு ஆய்வாளருக்குக் கிட்டியது.

மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தின்முன் இருந்த வினா, இன்னார் இன்னாரை இழித்துரைத்தாரா என்பது மட்டுமே. திருமுறை யாது என்பதை அந்நீதிமன்றம் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் தீர்ப்புக் கூறியிருக்கவும் இயலாது.

அச்சேறாத ஆறாம் திருமுறை

இப்போரில் பலரும் கருதாத ஒரு முரண் உண்டு. கண்டனத்துக்கு உள்ளான நான்கு திருமுறைகளில் அமைந்த பாடல்கள் பெரும்பாலும் மரபுவழிச் சைவப் பக்திப் பாடல்கள். திருவொற்றியூர்ச் சிவபெருமானை நெஞ்சுருகிப் பாடியவை. மூவரையும் மணிவாசகரையும் போற்றுபவை. தேவாரத்தைப் பயின்று அதன் வழியில் வளர்ந்த ஓர் உள்ளத்தின் வெளிப்பாடுகள் அவை. நாவலர் நெறிக்கு மாறான கருத்தை அவற்றில் தேடிக் காண்பது எளிதன்று.

சாதியும் சமயமும் சாத்திரமும் கடந்த பொதுநெறியை அடிகள் வெளிப்படையாகப் பாடியது ஆறாம் திருமுறையில்தான். அதனை வேலாயுத முதலியார் 1867இல் வெளியிடாமல் நிறுத்தி வைத்தார். ஐந்தாம் திருமுறை 1880இலும் ஆறாம் திருமுறை 1885இலும் அச்சாயின. அதற்குள் அடிகள் 1874ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மேட்டுக்குப்பத்தில் மறைந்துவிட்டார். நாவலரும் 1879ஆம் ஆண்டு திசம்பரில் காலமானார். இருவருக்குமிடையே இருந்த உண்மையான கருத்து வேறுபாட்டைத் தாங்கிய பகுதி, இருவர் வாழ்நாளிலும் அச்சேறவில்லை.

1873ஆம் ஆண்டு அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் அடிகள் ஆற்றிய பேருபதேசம் இங்கு நினைக்கத்தக்கது. சைவ சமயத்தின்மீது தாம் முன்பு கொண்டிருந்த பற்று அளவிறந்தது என்றும், தம் பாடல்களே அதற்குச் சான்று என்றும், அப்பற்றை இப்போது விட்டுவிட்டதாகவும் அவர் அதில் எடுத்துரைத்தார். தாம் கடந்து வந்துவிட்ட ஒரு படியின் பொருட்டே பிறர் போரிட்டுக்கொண்டிருந்தனர் என்பது இதனால் விளங்கும். நாவலர் மறுத்திருக்க வேண்டிய அடிகள் வேறொருவர். அடிகள் விடையிறுத்திருக்க வேண்டிய வினாவும் வேறொன்று. அற்புதம், பட்டம், ஒழுக்கம் என ஆளையே சுற்றிச் சுழன்ற வாதம் பாடல்களுக்குள் நுழையவே இல்லை.

மீண்டும் மூண்ட போர்

தலைவர்கள் மறைந்த பின்னும் போர் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் அது மீண்டும் மூண்டது. நாவலர் மரபில் வந்த யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை அருட்பாவை மறுத்து மேடைகளில் முழங்கினார். தமிழ் அகராதி தொகுத்தவர் அவர். மாயாவாத தும்ச கோளரி என்று சிறப்பிக்கப்பட்டவர். மாயாவாதத்தை அழிக்கும் சிங்கம் என்பது அதன் பொருள். புலமையைப் பாராட்டும் பட்டமே கொல்லும் விலங்கின் பெயராக அமைந்திருந்தது அக்காலத்தின் போக்கைக் காட்டும்.

அவரை எதிர்த்து அருட்பாவின் பக்கம் நின்றவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். ஒருவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியராய் இருந்த வேதாசலம் பிள்ளை. பிற்காலத்தில் மறைமலையடிகள் எனப் புகழ்பெற்றவர். மற்றொருவர் நாஞ்சில் நாட்டு இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர். 1907இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டியவர். சீறாப்புராணத்துக்கு உரை வகுத்தவர். சிவனடியார் ஒருவரின் பாடல்கள் அருள் வாக்கே என ஓர் இசுலாமியப் புலவர் வாதாடினார். சைவர் ஒருவர் அதனை மறுத்தார். பாடலின் தகுதியைப் பாடலைக் கொண்டே அளக்க முற்படும்போது சமய எல்லைகள் தாமே விலகும் என்பதற்கு இது சான்றாகும்.

கதிரைவேற்பிள்ளையின் மறுப்பு நூல் 1904இல் வெளிவந்தது. 'இராமலிங்க பிள்ளை பாடல் ஆபாச தர்ப்பணம்' என்னும் பெயரும் 'மருட்பா மறுப்பு' என்னும் பெயரும் அதற்கு வழங்கின. ஆபாசம் என்னும் வடசொல் தருக்க நூலில் போலியைக் குறிக்கும். தர்ப்பணம் கண்ணாடியைக் குறிக்கும். தருக்க நூல் கற்றவர் அவ்வாறு பொருள்கொள்வர். தெருவில் நின்று கேட்டவர் வேறுவிதமாகவே பொருள்கொண்டிருப்பர். மீண்டும் வழக்கு; மீண்டும் நீதிமன்றம். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மஞ்சக்குப்பத்தில் நடந்த நாடகம் சென்னையில் மறுபடி நடந்தது. வேடங்கள் மட்டும் இடம்மாறின. முன்பு நாவலர் தரப்பு வழக்குத் தொடுத்தது. இப்போது அத்தரப்பு வழக்கை எதிர்கொண்டது.

மாணவர் ஒருவர் கண்ட வழி

இவ்வழக்கில் சாட்சி சொல்லச் சென்றவர்களுள் கதிரைவேற்பிள்ளையின் மாணவர் ஒருவர் இருந்தார். இராயப்பேட்டை வெசுலிப் பள்ளியில் இறுதி வகுப்புப் பயின்றுகொண்டிருந்த அவர், ஆசிரியரின் பொருட்டு நீதிமன்றம் சென்றதால் தேர்வு எழுத இயலவில்லை. அத்துடன் அவருடைய பள்ளிக் கல்வியும் முடிவுற்றது. அம்மாணவர் திரு. வி. கலியாணசுந்தரனார்.

புலவர்களின் மானப் போரில் தோற்றவர் யார் என்று எண்ணிப் பார்ப்போர் பெரும்பாலும் நாவலரையோ அடிகளையோ நினைப்பர். இருவர் புகழும் குன்றவில்லை. இழப்பு ஏற்பட்டது இருபது வயதைக் கடந்திருந்த ஓர் இளைஞருக்கு. கண்டன நூல்களின் எந்தப் பக்கத்திலும் அவருடைய தேர்வு எண் இடம்பெறவில்லை.

கதிரைவேற்பிள்ளை 1907இல் காலமானார். மறு ஆண்டே திரு.வி.க. தம் ஆசிரியரின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதுவே அவருடைய முதல் நூல். ஆசிரியர்பால் அவர் கொண்ட அன்பு இறுதிவரை மாறவில்லை. ஆயினும் அவர் அருட்பாவைத் தாமே படித்தார். மீண்டும் மீண்டும் படித்தார். 1929இல் 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்னும் நூலை எழுதினார். எப்பாடல்களை மறுத்த ஆசிரியருக்காகக் கல்வியை இழந்தாரோ, அப்பாடல்களின் உள்ளத்தை விளக்கி அவரே நூல் செய்தார். ஆசிரியரை இகழ்ந்து அடிகளைப் போற்றவும் இல்லை. ஆசிரியரின் பொருட்டு அடிகளைத் தள்ளவும் இல்லை. ஒருவர்பால் கொண்ட நன்றி மற்றொருவரின் பாடலைப் படிப்பதற்குத் தடையன்று எனக் காட்டினார். நாற்பதாண்டுக்காலக் கண்டனங்கள் காட்டாத வழி இது.

காலம் அளித்த விடை

திருமுறை வரிசை பற்றிய வினாவுக்கு எந்த மன்றமும் தீர்ப்பு வழங்கவில்லை. ஆயினும் காலம் ஒருவகை விடை அளித்தது. சைவர் போற்றும் திருமுறைகள் பன்னிரண்டாகவே நின்றன. அந்த அளவில் நாவலர் தரப்பின் வரையறை நிலைத்தது. அருட்பா என்ற பெயரோ அடிகளின் பாடல்களை விட்டு நீங்கவே இல்லை. ஆ. பாலகிருட்டிண பிள்ளை 1931 முதல் 1958 வரை உழைத்து அதனைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார். ஊரன் அடிகள் 1972இல் பாடல்களைக் கால வரிசைப்படுத்திப் பதிப்பித்தார். இவ்விரு பதிப்புகளுமே, அடிகளின் உள்ளம் எவ்வாறு படிப்படியாக வளர்ந்தது என்பதை ஆராய வழிசெய்தன. கண்டனங்கள் கேட்டிருக்க வேண்டிய வினாவைப் பதிப்பாசிரியர்கள் அமைதியாகக் கேட்டனர்.

பாடல்களைத் தொகுத்தவர்கள், ஒப்பிட்டவர்கள், பாடம் சரிபார்த்தவர்கள், ஓதியவர்கள் ஆகியோரே அருட்பாவைக் காத்தனர். நாவலரின் புகழைக் காத்ததும் போலியருட்பா மறுப்பன்று. அவர் நிறுவிய பள்ளிகளும், பிழையற்ற பதிப்புகளும், செப்பமான உரைநடையும்தாம். கண்டன நூல்கள் இன்று ஆய்வாளர் தேடிக் கண்டெடுக்க வேண்டிய பொருள்களாயின.

பாடல் புனைவோரும் அவற்றை மதிப்பிடுவோரும் ஓரவையில் கூடும் இடங்களில் கருத்து வேறுபாடு எழுதல் இயல்பு. எழாவிட்டால் அவ்வவை உறங்குகிறது என்றே கொள்ளவேண்டும். ஆனால் பாடல் பற்றிய வினா பாடியவரின் மானம் பற்றிய வினாவாக மாறும் அந்நொடியைக் கண்டுகொள்வதற்கு அருட்பாப் போரின் வரலாறு துணைசெய்யும். அந்நொடிக்குப் பின் பேசப்படுவன எவையும் பாடலைப் பற்றியன அல்ல.

மருட்பா என்னும் சொல் இன்று மீண்டும் யாப்பிலக்கண நூல்களில் தன் பழைய இடத்தில் அமைதியாக அமர்ந்திருக்கிறது. வாழ்த்துவதற்கும் செவியில் அறிவுறுத்துவதற்கும் உரிய பா அது. அப்பாவில் பாடுவோர்தாம் அருகிவிட்டனர்.